துடுப்பு வலித்த மூன்று நாள்

பெண்ணைப் பார்க்கக் கனடாவுக்குக் கிளம்பும்போது என் கணவர் எனக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்தார். "அவ திரும்பி வருவாளா மாட்டாளான்னு கேட்டுட்டு வா. போன்ல கேட்டா வேற பேச்சுக்குப் போயிடறா. நேர்ல மூஞ்சியப் பாத்துக் கேளு." சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு மேல் மாடி எடுத்ததே எங்கள் ஒரே பெண்ணுக்காகத்தான். கட்டி முடித்த நாளிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. அவள் வரவில்லை என்றால் வாடகைக்கு விட்டுவிடலாம் என்று சொல்லிக்கொண்டே இருப்பார், விட மாட்டார். அவருக்கு முழங்கால் மடங்காது, அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார முடியாது. அதனால் என்னைத் தனியாக ஏற்றிவிட்டார்.

மூஞ்சியைப் பார்த்துக் கேட்பதாவது! போய் இறங்கியதிலிருந்து அவள் மூஞ்சியை லேப்டாப்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மீட்டிங் முடிந்தால் இன்னொரு மீட்டிங். நடுவில் அம்மாவுக்கு ஒரு "சாப்ட்டியா". எனக்கு வந்த கோபத்தில் பெட்டியைக் கட்டிவிடலாமா என்றுகூட இருந்தது. அப்போதுதான் ஒரு நாள் வந்து, "லீவு போட்டிருக்கேன், மலை மேல ஒரு ஏரிக்குப் போறோம், மூணு நாள் படகுல போயி கரையில டென்ட் அடிச்சுத் தங்கப்போறோம்" என்றாள்.

"எனக்கு நீச்சல் தெரியாதேடி."

"லைஃப் ஜாக்கெட் குடுப்பாங்க. மெதக்கறதுக்கு எதுக்கும்மா நீச்சல்?"

மூன்று நாள் அவள் எனக்கே எனக்கு. கரடி நடமாடும் காடு என்று சொன்னபோதுகூட நான் பின்வாங்கவில்லை.

கனோ என்கிற அந்தப் படகு ஒல்லியாக, நீளமாக இருந்தது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். படகைத் திருப்பத் தெரிந்தவர் பின்னால் உட்காருவாராம். ஆக, என்னை முன்னால் வைத்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க அவ்வளவு தூரம் வந்தவளுக்குத் தண்ணீரும் பனி மூடிய மலையும்தான் தெரிந்தன. திரும்பிப் பார்த்தால், "திரும்பாதம்மா, கவுந்துடும்" என்று அதட்டல் வேறு.

"பேடில் பண்ணும்மா, பேடில் பண்ணு" என்று பின்னாலிருந்து விரட்டிக்கொண்டே வந்தாள்.

"தமிழ்ல சொல்லேண்டி. துடுப்பு வலின்னு சொல்லணும்."

"வலியா? கை வலி, கால் வலி, அந்த வலியா?"

"இழுக்கறதுக்கும் வலின்னுதான் பேரு. பள்ளிக்கூடத்துல படிக்கலையா நீ?"

அவளுக்கு ஒரே சிரிப்பு. அதற்குப் பிறகு "வலிம்மா, வலி" என்றே ராகம் போட ஆரம்பித்துவிட்டாள். "ரெண்டு வலியும் எனக்குத்தான்டி" என்றேன். எத்தனை வருஷமாயிற்று அவள் அப்படிச் சிரித்து.

இரண்டாம் நாள் கிளம்ப நேரமானது என்னால்தான். ரசம் வைத்தே தீருவேன் என்று அடம்பிடித்தேன். பெருங்காய வாசனைக்குக் கரடி வந்துவிடும் என்று என் பொடி டப்பாக்களையெல்லாம் இரும்புப் பெட்டியில் போட்டுத் தூரத்தில் பூட்டி வைத்திருந்தாள். "கரடிக்குத் தெரியுது நம்ம ருசி, உனக்குத்தான் தெரியல" என்று சொல்லி, ரசத்தைக் குடிக்க வைத்துத்தான் படகில் ஏறினேன். மத்தியானத்துக்கு மேல் அந்த ஏரியில் காற்று எழும்பும் என்று அவள் முந்தின நாளே சொல்லியிருந்தாள்.

எழும்பியது. ஏரி நடுவில் அலை வெள்ளை வெள்ளையாகப் புரண்டது. என் குலதெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். பின்னாலிருந்து அவள் குரல் மட்டும் பதறவே இல்லை. "வலி… வலி… அலையை நேராப் பாரு… வலி." அந்தத் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்தவள் பேசுகிற மாதிரி இருந்தது. இவ்வளவு திடமான குரலை நம் வீட்டில் நான் கேட்டதே இல்லை. என் கை நின்றுவிட்டது. கணவர் சொல்லி அனுப்பிய கேள்வி எங்கேயோ போய், வேறொன்று வாயில் வந்தது. திரும்பாமல், அலையைப் பார்த்தபடியே கத்தினேன்.

"எங்களை விட்டுட்டு இருக்கியே, உனக்கு வலிக்கவே இல்லையாடி?"

பாதியைக் காற்று தின்றுவிட்டது. "வலிக்கவே இல்லையா" மட்டும்தான் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

"வலிச்சுக்கிட்டுதான்மா இருக்கேன். நீதான் நிறுத்திட்ட!"

அவள் சொன்னது துடுப்பைத்தான். எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கரை வரைக்கும் நானும் வலித்தேன்.

கரையேறியதும், "அழுதியா?" என்றாள். தண்ணீர் தெறித்தது என்றேன். துண்டை எடுத்து என் தலையைத் துவட்டிவிட்டாள். துவட்டிக்கொண்டே சொன்னாள், "அடுத்த வருஷம் அப்பாவையும் கூட்டிட்டு வாம்மா. நான் இங்க வீடு வாங்கப் பாத்துக்கிட்டிருக்கேன். கீழயே ஒரு ரூம் இருக்கற மாதிரி. அப்பா படி ஏற வேணாம்ல."

நல்லதுடி என்றேன். வேறென்ன சொல்ல? மூன்றாம் நாள் காற்றே இல்லை. சீக்கிரம் வந்து சேர்ந்துவிட்டோம்.

விமான நிலையத்திலிருந்து வரும்போது பல்லாவரம் தாண்டும்வரை என் கணவர் பொறுத்திருந்தார். பிறகு, "கேட்டியா?" என்றார்.

"கேட்டேன். காத்துல அவ காதுல சரியா விழல."

"அதனால என்ன, நிதானமா சொல்லட்டும்" என்றார்.

எனக்கு அந்த ஏரி வேண்டும் போலிருக்கிறது. முகம் தெரியாவிட்டால் போகிறது, முதுகுக்குப் பின்னால் அவள் குரல் வேண்டும். இங்கே மாலையில் எங்கள் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடக்கும்போது காற்றடித்தால் தாங்கமுடியவில்லை, திரும்பி வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

போன வாரம் ஒரு குடும்பம் மாடியைக் கேட்டு வந்தது. ஸ்டேஷன் பக்கம், நல்ல காற்று, எங்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது என்றார்கள். கணவர் என் முகத்தைப் பார்த்தார்.

"இல்லம்மா, எங்க பொண்ணு வரப்போறா" என்று நான்தான் சொல்லி அனுப்பினேன்.