பிக்கப் கதவுக்கு நான் செய்த கைப்பிடி

எழுபதுகளில் தக்காளி ஏற்ற வாங்கிய பிக்கப்பை மறுபடி ஓட வைத்துவிட்டேன். மனைவி உட்காரும் பக்கத்துக் கதவின் உள்கைப்பிடி மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. வேலந்தாவளத்தில் உள்ள என் பட்டறையில் உட்கார்ந்து, இரும்புப் பட்டையை வெட்டி அராவி நானே செய்தேன். ஐந்தாவதுதான் பொருந்தியது.

அந்தக் காலத்தில் பழைய கைப்பிடி உடைந்த பிறகு, ஒவ்வொரு முறையும் நான் சுற்றிவந்து, வெளியிலிருந்து கதவைத் திறந்துதான் மனைவியை இறக்குவேன்.

இன்று அவளை ஏற்றிக்கொண்டு எருத்தேன்பதி வரை போய்வந்தேன். வாசலில் நிறுத்தி, “இனி நீயே தொறந்துக்கலாம், பாரு” என்றேன்.

கைப்பிடியைத் தடவிப் பார்த்தாள். “நல்லாத்தானுங்க இருக்குது.”

ஆனால் அசையவில்லை.

“எறங்கலையா?”

“எப்பவும்போல நீங்க வந்து தொறந்து உடுங்க.”

சுற்றிப் போய்த் திறந்தேன்.

வாங்குகிறவருக்கு என்ன வேண்டும் என்று கேட்காமல் நான் சரக்கு செய்தது இதுதான் முதல் முறை. உங்களில் யாராவது இப்படி ஏமாந்ததுண்டா?