இருமுறை தட்டிய படம்

எங்கள் மகளுக்கு மூன்றாவது வரன் பேசிக்கொண்டிருந்த மாதம் அது. முந்தைய இரண்டும் ஏன் கைநழுவின என்பதை எவரும் எங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. "ஜாதகம் சரியா அமையலங்க" என்ற ஒரே வாக்கியம் இரண்டு வீடுகளிலிருந்தும் வந்தது. மூன்றாவதும் அப்படிப் போனால், அந்த வீட்டில் என்னதான் குறை என்று ஸ்ரீரங்கம் முழுவதும் கேட்கும். மகளுக்கு முப்பது வயது கடந்துவிட்டது. தில்லைநகரில் ஒரு வங்கிக் கிளையில் அதிகாரியாக இருக்கிறாள். நானோ திருச்சிக் கல்லூரி ஒன்றில் வேதியியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன். இன்றும் என்னைக் கண்டால் வண்டியை ஓரம் கட்டி இறங்கி வணங்கும் மாணவர்கள் உண்டு. அந்த மரியாதையைத்தான் நான் ஆயுள் முழுவதும் சேர்த்தேன். வரன் தேடும்போதும் அதையே முன்னால் வைத்தேன்.

இந்த வரன் மண்ணச்சநல்லூரிலிருந்து வந்தது. பையனின் தந்தைக்கு அங்கே அரிசி ஆலை. பையனுக்குப் பெங்களூரில் வேலை. பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள். விசாரித்துவிட்டு எங்கள் சம்மதத்தைச் சொல்ல வேண்டியது எங்கள் பொறுப்பு. எனக்குப் பெண் கொடுக்குமுன் என்னை விசாரித்த விதம் நினைவிருந்தது. என் மாமனாரின் தம்பி நான் தங்கியிருந்த விடுதிக்கு வந்து, மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்து, பரிமாறியவரிடம் என் நடத்தையைக் கேட்டறிந்துவிட்டுப் போனாராம். கல்யாணத்துக்குப் பிறகுதான் அது எனக்கே தெரியவந்தது.

"இப்பல்லாம் யாருங்க ஊருக்குப் போய் விசாரிக்கிறாங்க?" என்றாள் என் மனைவி. "போன்லயே எல்லாரு வண்டவாளமும் கெடக்குதாம். நீங்க பாருங்களேன்."

பணி நிறைவு விழா முடிந்த வாரத்தில் மகள் எனக்கு இன்ஸ்டாகிராம் கணக்கு ஒன்று தொடங்கித் தந்திருந்தாள். அதில் என் முழுப்பெயரும் பட்டங்களும் இருக்கின்றன. பொன்னாடை போர்த்திய படமும் இருக்கிறது. வேறொரு பெயரில் கணக்கு தொடங்கிப் பார்க்கலாமே என்று எவரேனும் சொல்லியிருந்தாலும் நான் இசைந்திருக்க மாட்டேன். செய்தித்தாளின் ஆசிரியருக்கு நான் எழுதிய கடிதங்கள் அனைத்தும் பெயரும் முகவரியும் தாங்கியே போயின. கல்லூரியில் எனக்கு வந்த மொட்டைக் கடிதாசிகளைப் படிக்காமலே கிழித்திருக்கிறேன். எனவே என் சொந்தப் பெயரிலேயே, ஒரு மதிய நேரத்தில், அந்தப் பையனின் பக்கத்தைத் திறந்தேன்.

மேலே இருந்த படங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தாயாரோடு கோயில் வாசலில், நண்பர்களோடு மோட்டார் சைக்கிளில், அலுவலக விழா ஒன்றில். விசாரணை என்றால் முழுமையாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் கீழே கீழே தள்ளிக்கொண்டு போனேன். சில ஆண்டுகளுக்கு முந்தைய படம் ஒன்று வந்தது. மலைப்பாதை, பனி. பையனின் அருகில் ஒரு பெண். அவள் தோளில் இருந்த ஸ்வெட்டர் ஆண்கள் போடுவது. அவனுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

அவள் கழுத்தில் தாலி இருக்கிறதா என்று பார்க்க விரும்பினேன். என் கைபேசியில் சேமித்த படங்களை இருமுறை தட்டினால் பெரிதாகும். அந்தப் பழக்கத்தில் இதையும் இருமுறை தட்டினேன். படம் பெரிதாகவில்லை. அதன் நடுவில் வெள்ளையாக ஓர் இதயம் எழும்பி மறைந்தது. கீழே இன்னோர் இதயம் சிவந்து நின்றது.

சிவந்ததை அழுத்தினேன், நிறம் போயிற்று. போனதுதானா என்ற ஐயத்தில் மறுபடி அழுத்தினேன், சிவந்தது. மீண்டும் அழுத்திவிட்டு, கைபேசியையே அணைத்து மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். அணைத்துவிட்டால் நடந்தது நடக்காததாகிவிடும் என்று எண்ணினேனோ என்னவோ.

மாலையில் காவிரிக்கரை அம்மா மண்டபம் வரை நடக்கும்போது, உடன் வரும் இயற்பியல் துறை நண்பரிடம், என் சினேகிதர் ஒருவருக்கு நேர்ந்தது என்று சொல்லிக் கேட்டேன்.

"உங்க சினேகிதர் தட்டின நிமிஷமே அங்க மணி அடிச்சிருக்கும் சார்" என்றார் அவர். "எடுத்தாலும், பாத்தவன் பாத்தவன்தான். இந்த வயசுல எதுக்கு அவ்ளோ பழைய படம் வரைக்கும் போனாராம்? பொண்ணு படமா?"

"எனக்கென்ன தெரியும்?"

"ஆள் கில்லாடிதான்" என்று சிரித்தார். நான் நடையை விரைவாக்கினேன்.

அடுத்து வந்த நாள்களில் மண்ணச்சநல்லூரிலிருந்து அழைப்பே இல்லை. "ஏங்க, அவங்க பேசவே இல்லையே?" என்று மனைவி கேட்கும்போதெல்லாம், "பேசுவார்கள்" என்றேன். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி காட்டிய எண்ணை மனைவியிடம் சொல்லாமல் பட்டையைக் கழற்றினேன். மேசையில் கைபேசி அதிர்ந்தால் கவிழ்த்து வைத்தேன். அதிராவிட்டால், அதிர்ந்ததோ என்று எடுத்துப் பார்த்தேன். பொன்னாடை போர்த்திய என் படம் அவர்கள் குடும்பக் குழுவில் ஒவ்வொருவர் கைக்கும் போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றியது. புரொபசர் பாக்குற வேலையைப் பாருங்க என்று அரிசி ஆலையில் யாரோ சொல்வது காதில் கேட்டது. மகளிடம் சொல்ல வாயெடுத்து, இரண்டு முறை நிறுத்திக்கொண்டேன். அவள் வாழ்க்கையை என் விரல் கெடுத்துவிட்டது என்பதை எந்தச் சொற்களால் சொல்வது?

கடைசியில் பையனின் தந்தையே அழைத்தார். "நேர்ல வந்து ஒரு விஷயம் பேசணும் சார்" என்றார். ஞாயிற்றுக்கிழமை அவரும் மனைவியும் மட்டும் வந்தார்கள். கையில் பூவோ பழமோ இல்லை. அதைக் கண்டதும் என் மனைவியின் முகம் வெளுத்தது.

"உங்க மனசுல ஒரு கேள்வி இருக்குன்னு பையன் சொன்னான் சார்" என்று அவர் தொடங்கினார். "அந்த மலைப் படத்துல நீங்க லைக் போட்டதைப் பாத்ததும் அவனுக்குப் புரிஞ்சுடுச்சு. எங்களுக்குத்தான் எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. அந்தப் பொண்ணுக்கும் இவனுக்கும் முன்னாடி நிச்சயம் ஆச்சு. அந்தப் பொண்ணு வெளிநாட்டு வேலைக்குப் போயே ஆகணும்னு சொல்லிடுச்சு, அதோட விட்டுட்டோம். சண்டை கிண்டை எதுவும் இல்ல. மறைச்சது எங்க தப்பு."

"படத்தை எடுத்துடுடான்னு தலையில அடிச்சுக்கிட்டேன்" என்றார் அவர் மனைவி. "எடுத்தா மறைச்ச மாதிரி ஆகும்மான்னு சொல்லிட்டான்."

"நீங்க நாலு பேர் முன்னாடி கேக்காம, தரகர்கிட்டயும் போகாம, விரலை வெச்சு நாசூக்கா கேட்டீங்க பாருங்க. படிச்சவங்க படிச்சவங்கதான் சார்" என்றார் பையனின் தந்தை.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான்" என்று மட்டும் சொன்னேன். அது பொய்யும் அல்ல. என் மனைவி ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்தாள்.

காபித் தட்டோடு மகள் வந்தாள். "உங்கிட்டயாவது சொன்னானா கண்ணு?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"மொத தடவை போன்ல பேசினப்பவே சொல்லிட்டாரு ஆன்ட்டி."

டம்ளரைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன். அவர்கள், "யோசிச்சுச் சொல்லுங்க, எதுவா இருந்தாலும் வருத்தம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போன பிறகு மகளிடம் கேட்டேன்: "எங்ககிட்ட ஏன்மா சொல்லல?"

"சொன்னா வரனே வேணாம்னு சொல்லியிருப்பீங்கப்பா. ஏற்கெனவே நிச்சயம் ஆன பையனான்னு ஊரே கேக்கும்னு சொல்லியிருப்பீங்க." டம்ளர்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "எனக்கு அவரைப் புடிச்சிருக்கு. நீங்க என்ன சொல்லுவீங்களோன்னு இத்தனை நாளா எனக்குத்தான் பயமா இருந்துச்சு."

அவள் சமையலறைப் பக்கம் திரும்பியவள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்பா, படத்தைப் பெருசாக்கணும்னா தட்டக் கூடாது. ரெண்டு விரல் வெச்சு விரிக்கணும்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நானும் சொல்ல மாட்டேன்."

என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். அந்தப் படத்தைத் திறந்து, வேறெங்கும் பட்டுவிடாமல், இரண்டு விரல்களை வைத்து விரித்தேன். பெண்ணின் கழுத்தில் மெல்லிய சங்கிலி ஒன்று இருந்தது. அவள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். பையனும் சிரித்துக்கொண்டிருந்தான். இன்னும் விரித்தேன்; இருவர் முகங்களும் கலங்கிப் போயின. விரலை எடுத்ததும் படம் தானாகவே பழைய அளவுக்குச் சுருங்கிற்று. இதயம் சிவக்கவில்லை என்பதை ஒருமுறைக்கு இருமுறை உறுதி செய்துகொண்டேன்.

பின்பு மண்ணச்சநல்லூர் எண்ணை அழைத்தேன். இன்னும் கொள்ளிடம் பாலத்தைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்கள்.

"சொல்லுங்க சார்" என்றார் பையனின் தந்தை. வண்டியின் இரைச்சலுக்கிடையே அவர் குரலிலும் நடுக்கம் இருந்தது.

"எங்களுக்குச் சம்மதம்" என்றேன். கதவுக்கு வெளியே டம்ளர்களின் ஓசை நின்றது.