அடிக்குறிப்பில் ஆதம்பாவா

நௌபல் சேர் மௌத்தான செய்தி எங்கள் பல்கலைக்கழகத் துறையின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. போட்டவர் துறைத்தலைவர், செய்திக்குக் கீழே அழும் முகங்கள் மூன்று. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. மாரடைப்பாம். நான் பாண்டிருப்பிலிருந்து சாய்ந்தமருதுக்குப் போய்ச் சேர முன்னரே ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துவிட்டார்கள். அவரைத் தெரிந்த உங்களில் சிலருக்கு நான் எழுதப்போவது பிடிக்காது.

பதினேழு வருடம் அடுத்தடுத்த அறைகளில் இருந்து மெய்யியல் படிப்பித்தோம். சினிமா பார்ப்பதும் மெய்யியல் வேலைதான் என்பது அவருடைய ஆய்வு. படம் போட மண்டபம் கேட்டால், கூத்துக் காட்டவா சம்பளம் என்று துறையில் சிரித்தார்கள். அவர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கடற்கரையில் மீனவர்கள் தங்கும் வாடிக்குப் போனார். வெள்ளிக்கிழமை தோணிகள் இறங்காத நாள். ஜும்மாத் தொழுகை முடிந்ததும் தொழிலாளிகளுக்குப் படம் போடுவார். பாதியில் நிறுத்தி, "இப்ப என்னத்தக் கண்டீங்க?" என்று கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே கொப்பியில் எழுதுவார்.

ஒருநாள் நானும் போயிருந்தேன். ஏதோ வெளிநாட்டுப் படத்தில் அலை திரைநிறைய எழும்பி வந்தது. நான் அதன் அழகில் வாய்பிளந்து இருந்தேன். சுனாமியில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த, வாடிக்கே அண்ணனான ஆதம்பாவா காக்கா இல்லையென்று தலையை ஆட்டினார்.

"இந்தக் கெமராக்காரன் கடலுக்குப் பயந்தவனில்ல. பயந்தவன்ட கண்ணு முதல்ல கரை எங்க இரிக்கெண்டுதான் தேடும்."

அந்தச் சொல்லிலிருந்து சேர் ஒரு முழு அத்தியாயம் எழுதினார். பயமில்லாத கண் எதையெல்லாம் காணாமல் விடுகிறது என்பதே அதன் கேள்வி. அடிக்குறிப்பில் ஐரோப்பிய மெய்யியலாளர்களுக்குப் பக்கத்தில் 'ஆதம்பாவா, கடற்றொழிலாளி, சாய்ந்தமருது' என்றும் போட்டார்.

வெளியீட்டுக் குழு நூலைத் திருப்பி அனுப்பியது. மீனவர்களின் வாய்ப்பேச்சு ஆதாரமாகாது, நீக்கித் தருக என்று எழுதி, குழுவில் இருந்த மூன்று பேர் ஒப்பமிட்டோம். ஒன்று துறைத்தலைவருடையது. இன்னொன்று என்னுடையது. நான் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்திருந்த நேரம் அது. துறைத்தலைவரை முறைத்துக்கொள்ளத் துணிவில்லை.

சேர் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. "எண்ட புத்தகத்துல வெள்ளக்காரன் இரிக்கலாம், ஆதம்பாவா இரிக்க ஏலாதா மிஸ்?" என்று மட்டும் கேட்டார். நூலிலிருந்து ஒரு பெயரையும் நீக்கவில்லை. பிரதியை என்னிடமே தந்துவிட்டுப் போனார்.

அனுதாபக் கூட்டத்தில் துறைத்தலைவர், மக்களிடம் மெய்யியல் கற்ற மாமேதை என்று அடுக்கிக்கொண்டே போனார். வெட்கங்கெட்ட கூட்டம், நானும் சேர்த்துத்தான். வெளியே வந்தபோது ஆதம்பாவா காக்கா என்னை மறித்தார்.

"மிஸ், சேர்ர புத்தகத்துல எண்ட பேரும் இரிக்காம். எங்க வாங்கிற?"

"புத்தகம் வரல்ல காக்கா. உங்கட பேரை வெட்டச் சொல்லி நானும் கையெழுத்துப் போட்டன்."

ஏசுவார் என்று நின்றேன்.

"ஏன் மிஸ், நான் பிழையாவா செல்லிட்டன்?"

மறுவாரம் துறைத்தலைவர் கூப்பிட்டார். நினைவு மலருக்கு அந்த அத்தியாயம் வேண்டுமாம், அடிக்குறிப்புகள் இல்லாமல். நௌபல் சேரில் என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பிரதி மட்டும்தான். ஆதம்பாவா இல்லாமல் ஒரு தாளும் தரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். என் பதவி உயர்வு விண்ணப்பம் இன்னும் அவருடைய மேசையில்தான் கிடக்கிறது. கிடக்கட்டும்.