தொலைந்தான் என்று நான் சொன்ன தண்டையல்

அறுபதுகளின் கடைசியில், குருநகர்க் கரையில், கிழிந்த வலைகளைப் பொத்துகிற கொட்டிலில் நடந்தது இது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் கையில் அகப்பட்டதையெல்லாம் வாசிப்பேன். அதனால் கொட்டிலில் எனக்கு ஒரு சலுகை இருந்தது. பின்னேரங்களில் நான் உரத்து வாசிக்க வேண்டும். என் பங்கு வலையை மற்ற நால்வரும் பொத்தி முடிப்பார்கள்.

வாசித்தது ஒரு விஞ்ஞானக் கதைத் தொடர். மாதம் ஒரு சின்னப் புத்தகமாகத் தமிழ்நாட்டிலிருந்து வரும். பட்டணத்துக் கடையில் வாங்குவேன். நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் போகிற ஒரு கப்பல், அதற்கொரு தலைவன். கப்பல் ஓட்டுபவரை நாங்கள் தண்டையல் என்போம். அவனையும் அப்படியே கூப்பிட்டோம். முதல் புத்தகம் வாசித்த அன்று நாலு பேருடைய ஊசியும் அசையாமல் நின்றது.

“காத்தில்லாத இடம் எண்டுறாய். பாய் இல்லாமல் என்னெண்டு ஓடுறான்?” என்று ஒருவர் கேட்பார்.

“உன்ரை மாமன் முன்னுக்கு நிண்டு இழுக்கிறார். பேசாமல் கேள்” என்பார் பக்கத்திலிருப்பவர்.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். இரண்டு வருடத்தில் எனக்குப் புளித்தது. எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் தண்டையல் பிடிபடுவான், கடைசியில் தப்புவான். கிரகத்தின் நிறம் மட்டும் மாறும். அலுத்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் விடமாட்டார்களே என்று பயந்து, ஒருநாள் புத்தகத்தை மூடிவிட்டு, கப்பல் இருட்டுக்குள் போய்த் தொலைந்தது, தொடர் அவ்வளவுதான் என்றேன்.

“பிடிபட்டுப் பிடிபட்டே களைச்சுப்போனான்” என்று மூன்று பேர் சிரித்தார்கள். நாலாமவர், எங்களில் மூத்த அண்ணை, சிரிக்கவில்லை.

“பலகைத் துண்டு ஏதும் ஒதுங்கினதோ, தம்பி?”

“இல்லை அண்ணை.”

“அப்ப துலைஞ்சான் எண்டு எப்பிடித் தெரியும்?”

அப்படித்தான் போட்டிருக்கிறது என்றேன், அவர் முகத்தைப் பாராமல்.

அவருடைய தம்பி ஆறு வருடத்துக்கு முன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். வள்ளமும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. தேவாலயத்தில் இறந்தவருக்கான பூசை ஒப்புக்கொடுக்க அண்ணை அதுவரை சம்மதிக்கவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் முந்திக்கொண்டது.

பிறகு வேறு கதைகள் வாசித்தேன். இரண்டு மாதம் போயிருக்கும். வலைநூல் வாங்கப் பட்டணம் போய்வந்த அண்ணை, நூல்கட்டோடு கொண்டுவந்த இரண்டு புத்தகங்களை என் மடியில் வைத்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. அட்டையிலிருந்த கப்பலைப் பார்த்து அடையாளம் கண்டிருக்கிறார். அதே தொடர், நான் நிறுத்திய இடத்துக்குப் பிறகு வந்தவை.

“ஆள் இருக்கிறான், தம்பி” என்றார். கோபம் இல்லை. முகத்தில் சந்தோஷம் இருந்தது. எனக்குச் சுட்டது அதுதான்.

“உவன் எங்களை நல்லாய்ப் பேய்க்காட்டியிருக்கிறான்” என்று, ஏமாந்த கோபத்தில், மற்றவர்கள் தொடங்கினார்கள். அண்ணை கையைக் காட்டி அவர்களை அடக்கிவிட்டு என்னிடம் சொன்னார்: “அலுத்தால் அலுத்துப்போச்சு எண்டு சொல்லு. போனவனைத் துலைஞ்சான் எண்டு சொல்லாதை.”

அன்று என் பங்கு வலையை நானே பொத்த உட்கார்ந்தேன். அண்ணை ஊசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, “வாசி” என்றார்.

வாசித்தேன். போன ஆர்வம் திரும்பி வந்தது என்று பொய் சொல்லமாட்டேன். தண்டையல் வழக்கம்போலப் பிடிபட்டான், வழக்கம்போலத் தப்பினான். ஆனால் அவன் தப்புகிற பக்கம் வந்தபோது அண்ணையின் கை வலையில் நின்றுவிட்டதைக் கண்டேன். அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு சொல்லும் விடாமல், அவசரப்படாமல் ஆறுதலாக வாசித்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ புத்தகங்களைப் பாதியில் மூடியிருக்கிறேன், ஆனால் யாராவது “பேந்து என்ன நடந்தது?” என்று கேட்டால், எனக்குத் தெரியாது என்று சொல்ல முடிகிறதே தவிர, முடிந்துபோயிற்று என்று சொல்ல இன்றும் எனக்கு வாய் வருவதில்லை.