கிளித் தோரணம்

அந்தத் தோரணத்தை எங்கள் வாசலில் கட்டலாமா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

வலப்பனைப் பக்கம் மண்சரிவில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தை இழந்து, நான் படிப்பிக்கும் பாடசாலையில் போட்ட முகாமில் தங்கியிருந்த ஒல்லியான ஓர் அம்மா தைத்தது அது. பழைய சேலையில் கிளிகள் செய்து, மணி கோத்து, வகுப்பறை வாசலில் கட்டியிருந்தார். மாலையானால் கிளிகளை ஒவ்வொன்றாக வெளிப்பக்கம் திருப்பிவிடுவார்.

"ஏங்க்கா, உள்ள இருக்கவங்களும் பாக்க வேணாமா?" என்றேன்.

"லயத்துல எல்லா வாசலும் ஒண்ணுபோலத்தானே, டீச்சர். எம் மக கிளியப் பாத்துத்தான் எங்க காம்பராவுக்கு ஓடி வருவா. அவ இன்னும் கெடைக்கல."

முகாமை மூடிய அன்று அதை என்னிடம் தந்தார். "நான் கொழும்புல வீட்டு வேலைக்குப் போறேன். உங்க வாசல்ல கட்டுங்க. எம் மக வந்தா அடையாளம் தெரியணும்."

சரி என்றேன்.

மண்ணில் காணாமல் போன பிள்ளையை அழைக்கும் தோரணத்தைக் கட்டினால் என் மகளுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று பயம். அலமாரியில் வைத்தால் ஒரு பிள்ளையின் வழியை மறைத்ததுபோல் இருக்கிறது. தாய்மாரே, நீங்களென்றால் என்ன செய்வீர்கள்?