சைடு போர் தண்ணீர்

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிணறு அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொது. பாகம் பிரித்தபோது நிலத்தை வரப்புப் போட்டுப் பிரித்தார்கள். கிணற்றைப் பிரிக்க முடியாது என்பதால் நாளைப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு நாள் எங்கள் முறை, மறுநாள் அவர்கள் முறை. பாகப் பத்திரத்தில் கிணறு, படி, மோட்டார் ரூம், வாய்க்கால் எல்லாம் பொது என்று இருக்கிறது. தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எழுதியவர்களுக்கு அது எழுத வேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது.

சட்டப் படிப்பின் கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு, சேலத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருந்த வாடகை அறையைக் காலி செய்துகொண்டு ஊருக்கு வந்திருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். ரிசல்ட் வரும்வரை வேலை ஒன்றும் இல்லை. என் வயசுப் பையன்கள் யாரும் ஊரில் இல்லை. போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் ஏறி, மத்தியப் பிரதேசம், ஒரிசா என்று யாரோ ஒருவருடைய காட்டில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தால் கம்ப்ரஸர் சத்தம்தான் கேட்கும். "அப்பறம் பேசறேன் மச்சான்" என்பார்கள். அப்புறம் பேசுவதில்லை.

அந்தப் பரீட்சையில் தண்ணீரைப் பற்றி ஒரு கேள்வி வந்திருந்தது. ஆறும் ஏரியும் நிலத்தடி நீரும் எந்தத் தனி மனிதனுக்கும் சொந்தமல்ல, மக்கள் சார்பில் அரசு காவல் காக்கிறது, அவ்வளவுதான் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். ஒருவன் தன் நிலத்துக்கு அடியில் இருப்பதை இறைத்துக்கொள்ளலாம் என்ற பழைய வழக்கத்தையும் எழுதி, அது மாற வேண்டும் என்று முடித்தேன். எழுதிவிட்டு வெளியே வந்தபோது சந்தோஷமாக இருந்தது.

நான் ஊருக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்பு பெரியப்பா கிணற்றுக்குள் சைடு போர் போட்டிருந்தார். கிணற்றின் அடியில் இயந்திரத்தை இறக்கி, பக்கவாட்டில் பாறையைக் குடைந்துகொண்டே போவார்கள். ஊற்றுக்கண் எங்காவது மாட்டினால் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் கிணற்றில் விழும். பெரியப்பாவுக்கு மாட்டியது. மேற்குச் சுவரிலிருந்து கை மொத்தத்துக்குத் தண்ணீர் கொட்டியது. அவர் முறை நாளில் தன் காட்டுக்குப் பாய்ச்சியது போக, மீதியை ரோட்டோரம் நிற்கும் டேங்கர் லாரிக்கு ஏற்றிவிட்டார். லாரி கோழிப்பண்ணைகளுக்குப் போனது.

போர் போட்டபோது அப்பாவிடமும் செலவில் பங்கு கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு என் படிப்புச் செலவு ஓடிக்கொண்டிருந்தது, பணம் கொடுக்க முடியவில்லை. பெரியப்பா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விழுகிற தண்ணீர் பொதுக் கிணற்றில்தானே விழுகிறது என்று இரண்டு வீட்டாரும் அதை விட்டுவிட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் அப்பா சின்ன வெங்காயம் நட்டார்.

பிறகு ஒரு நாள் டீக்கடையில் யாரோ வெங்காயத்தைப் பற்றிக் கேட்க, பெரியப்பா சொன்ன ஒரு பேச்சு வீடு வந்து சேர்ந்தது. "என்ற தண்ணியிலதான அவன் வெங்காயம் நட்டிருக்கறான்."

‘என் தண்ணீர்’ என்று அண்ணன் சொன்னதைக் கேட்டுவிட்டு அப்பா சண்டைக்குப் போகவில்லை, அந்தத் தண்ணீரே வேண்டாம் என்றார். வேப்பங்கட்டை ஒன்றை எடுத்து, ஒரு முனை குறுகலாக வரும்படி செதுக்கினார். அதன்மேல் சாக்குத் துணியைச் சுற்றிக் கயிறு கட்டினார். பெரியப்பாவின் மோட்டார் நின்றதும், அடுத்த நாள் எங்கள் முறை தொடங்குவதற்கு முன்பு, அந்தக் கட்டையைப் போர் ஓட்டையில் அடித்து அடைத்துவிட வேண்டும். எங்கள் முறை முடிந்ததும் பிடுங்கிவிட வேண்டும். இடையில் கல்லிலிருந்து தானாக ஊறுகிற தண்ணீரைத்தான் நாங்கள் எடுக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி. படி இறங்க முடியாது. நான்தான் இறங்க வேண்டும்.

அம்மா மட்டும் ஒரு தடவை சிரித்தாள். "வக்கீலுக்குப் படிச்சது கெணத்துக்கு மூடி போடறதுக்குத்தானா சாமி?"

நான் இறங்கினேன். ஒரு நாள் அடைக்க, மறுநாள் பிடுங்க, பொழுது சாய்கிற நேரத்தில். அடைக்கிற நாளில் தோளில் கட்டையும் சுத்தியலுமாக. படிகள் பாதியோடு முடிந்துவிடும், அதற்கப்புறம் கயிறுதான். அடியில் நின்றால் மேலே வானம் ஒரு துண்டு. ஓட்டையிலிருந்து விழும் தண்ணீரின் சத்தத்தில் வேறு எதுவும் காதில் ஏறாது. கட்டையை வைத்து நாலு அடி அடித்தால் சத்தம் சட்டென்று நின்றுவிடும். அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. பேசிக்கொண்டிருந்த ஒருவரின் வாயைப் பொத்தியது போல இருக்கும். கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பேன். மேலே போனாலும் பேச ஆள் இல்லை.

தானாக ஊறுகிற தண்ணீர் போதவில்லை. மோட்டார் கொஞ்ச நேரம் இறைத்துவிட்டுக் காற்றை இழுக்கும். அப்பா ஓடிப்போய் நிறுத்துவார். பாத்திகளில் பாதி நனையும், பாதி வெள்ளை மண்ணாகவே கிடக்கும். வெங்காயத் தாள் நுனியில் மஞ்சள் ஏறத் தொடங்கியது.

ஒரு நாள் வாய்க்கால் ஓரம் நின்று கேட்டுவிட்டேன். "அப்பா, பாறைக்குள்ள வரப்பு இல்லீங்க. போர்ல வர்றதும் கல்லுல ஊறறதும் ஒரே தண்ணிதானுங்க."

"இருக்கலாம் சாமி. வெளிய கொண்டாந்தது அவன்ல?"

"கொண்டாந்ததுனால அவருதாகிருமா? அது எல்லாத்துக்கும் பொதுங்க. அரசாங்கத்துக்கே சொந்தமில்லைங்க, காவல்தானுங்க."

அப்பா மண்வெட்டியால் மடையைத் திருப்பிக்கொண்டே சொன்னார். "காவல் இருக்கறவன் வந்து வெங்காயத்துக்குத் தண்ணி கட்டுவானா?"

பரீட்சையில் அப்படி யாரும் கேட்டதில்லை.

அதற்கடுத்த முறை, கட்டையைப் பிடுங்குவதற்காக இறங்கியபோது ஒன்றைப் பார்த்தேன். ஓட்டையிலிருந்து ஒரு கை தள்ளி, அதுவரை காய்ந்தே கிடந்த பாறை வெடிப்பில் ஈரம் மின்னியது. கையை வைத்தேன். தண்ணீர் விரல்களுக்கு நடுவே ஓடியது. அடைத்த தண்ணீர் உள்ளுக்குள் ஏறி, வேறு வழி பார்த்துக்கொண்டு வந்திருந்தது. இத்தனை நாள் நான் சொல்ல நினைத்ததைப் பாறையே சொல்லிவிட்டது என்று தோன்றியது. மேலே பார்த்துக் கத்தினேன்.

அப்பா கிணற்று விளிம்பில் குனிந்தார். "போர் ஓட்டையில இருந்து வருதா, கல்லுல இருந்து வருதா?"

"கல்லுல இருந்துங்க. ஆனா அப்பா..."

"கல்லுல இருந்து வந்தா அது பொது" என்றார்.

மேற்கொண்டு அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த சில முறைகள் மோட்டார் முன்பைவிடக் கூட நேரம் ஓடியது. மஞ்சள் நின்றது. அப்பா பாத்திக்குப் பாத்தி குனிந்து தாளைத் தடவிப் பார்த்தார்.

பெரியப்பா ஒரு நாள் கிணற்றை எட்டிப் பார்த்தார். நான் கீழே கட்டையோடு நின்றிருந்தேன்.

"ஏஞ் சாமி, உங்கப்பன் என்ற போர அடைக்கறானா?"

"ஆமாங்க பெரியப்பா." டீக்கடைப் பேச்சையும் சொன்னேன்.

"வாயில வந்துச்சு, சொல்லீட்டேன். அதுக்கு இப்படியா?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, சங்கடம்தான் இருந்தது. பிறகு வெடிப்பிலிருந்து இறங்கும் ஈரக் கோடு அவர் கண்ணில் பட்டது. விளிம்பைப் பிடித்துக் குனிந்து பார்த்தார். "அங்க அடைச்சு இங்க எடுக்கறீங்களா? உங்கப்பன் மானஸ்தன்னுதான் நெனச்சிருந்தேன். கெட்டிக்காரனாவும் இருக்கறான்."

இல்லைங்க பெரியப்பா, அவருக்கு அப்படித் தெரியாது என்று சொன்னேன். கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற குரல் மேலே எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. அவர் போய்விட்டிருந்தார்.

அந்த வாரத்திலேயே பெரியப்பா கூப்பிட்ட ஆட்கள் வந்தார்கள். போர் ஓட்டைக்குள் பிளாஸ்டிக் பைப்பைச் செருகி, சுற்றிலும் சிமெண்டு பூசி, பைப்பைச் சுவரோடு மேலே ஏற்றித் தனி மோட்டார் வைத்து, பெரியப்பா காட்டில் வெட்டிய தொட்டிக்கே கொண்டுபோய்விட்டார்கள். தண்ணீர் பொதுக் கிணற்றில் ஒரு சொட்டும் விழவில்லை. கிணற்றுச் சுவர் பொது, அதில் ஏற்றிய பைப்புக்கு நாம் கோர்ட்டில் தடை கேட்கலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அண்ணன்மேல் கேஸா என்று கேட்டுவிட்டு அவர் கட்டையை அடுப்பில் போடச் சொன்னார்.

வெடிப்பும் காய்ந்தது. நான் ஒருமுறை காரணம் இல்லாமல் இறங்கினேன். அடியில் சேறு மட்டும். சுவரில் இருந்த பைப்பைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று வியர்த்திருந்தது. காதை வைத்தால் உள்ளே ஓடுவது கேட்டது.

வெங்காயத்தை முன்கூட்டியே பிடுங்க வேண்டியதாயிற்று. எங்கள் பக்கம் வெங்காயம் பிடுங்கினால் முதல் கூடை மூத்தவர் வீட்டுக்குப் போகும். அப்பா அதை மாற்றவில்லை. கூடையை என் தலையில் தூக்கி வைத்தார்.

பெரியப்பா வாசலில் உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை எடுத்து உருட்டிப் பார்த்தார். கோலிக்குண்டு அளவுதான் இருந்தது.

"ரண்டு தண்ணி கொறையுது" என்றார்.

குத்திக் காட்டிச் சொல்லவில்லை. எந்தக் காட்டு வெங்காயத்தைப் பார்த்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார். சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது போலிருந்தது. வெங்காயத்தைத் திரும்பக் கூடையில் வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்தார்.

"ஆமாங்க பெரியப்பா" என்றேன்.

பெரியம்மா ஒரு செம்பில் தொட்டித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். யார் வந்தாலும் கொடுப்பாள். வாங்கிக் குடித்தேன்.

காட்டுக்குத் திரும்பியபோது அப்பா நிழலில் உட்கார்ந்து தாள் அரிந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார். "தண்ணி கிண்ணி குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. குடிச்சனுங்க."

"எப்படி இருந்துச்சு?"

"சில்லுனு, நல்லா இருந்துச்சுங்க."

"இருக்கும்" என்றார் அப்பா. "நம்ம கெணத்துத் தண்ணி அப்படித்தான்."