நான் துடைத்து வைத்த விதைப்பூண்டு

பூண்டு வாங்கத் தெரியாதவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் பள்ளியின் ஆசிரியர் அறையில் அப்படி ஏழு பேர் இருந்தார்கள். எட்டாவது ஆள் நான். அந்தக் கணக்கில் நான் சேர மாட்டேன் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜவ்வாது மலைமேல் ஒரு பள்ளியில் நான் கணக்கு டீச்சர். வீடு செங்கத்தில். விடியக்காலையில் பஸ், பிறகு ஷேர் ஜீப்பில் யாரோ ஒருவரின் கோழிக்கூடையை மடியில் தாங்கிக்கொண்டு கடைசி ஐந்து கிலோமீட்டர். ஜீப் நிற்கும் இடத்துக்கும் பள்ளிக்கும் நடுவில் ஒரு ஓட்டு வீடு இருக்கிறது. அந்த வீட்டுக்காரிக்கு என் வயதுதான் இருக்கும். வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தியில் பூண்டு போடுவாள். ஐப்பசியில் ஊன்றி மாசியில் பிடுங்குவாள். சின்னச் சின்னப் பூண்டு, தோலில் லேசாகச் செம்மை ஓடும், உரிப்பதற்குள் நகம் வலிக்கும். ஆனால் இரண்டு பல்லைத் தட்டி எண்ணெயில் போட்டால் தெருமுனை வரைக்கும் வாசம் போகும்.

மாசி பிறந்தால் எங்கள் ஆசிரியர் கூட்டத்துக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அறிவியல் ஆசிரியர் காரில் வருபவர். அவருக்குக் கார் நாறக்கூடாது. "தாள வெட்டிட்டு, மண்ணக் கழுவிக் குடும்மா" என்பார். ஈரத்தோடு பிடுங்கிய பூண்டின் தண்டை வெட்டி, இன்னும் ஈரமாக்கி, பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுக்கி முடிச்சுப் போட்டு டிக்கியில் வைத்துக்கொண்டு போவார். பத்தாம் நாள் அது கூழாகிவிடும். "மலைக்காரங்க ஏமாத்திட்டாங்க" என்று வந்து உட்காருவார். ஆங்கில ஆசிரியை வேறு ரகம். "இது ஆர்கானிக்கா?" என்று கேட்பாள், உர மூட்டையைக் கையால் தொட்டே அறியாத ஒரு பெண்ணிடம். வாங்கிப் போய் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து உரித்து, அரைத்து, டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜில் வைப்பாள். ஒரு வாரத்தில் அது பச்சை நிறமாகிவிடும், அதையும் குழம்பில் போட்டுச் சாப்பிடுவார்கள் போலிருக்கிறது. படித்த ஜனங்கள். பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற ஜனங்கள்.

நான் அப்படி இல்லை. கீழிலை பழுத்திருக்கிறதா என்று பார்ப்பேன். கழுத்தை அமுக்கிப் பார்ப்பேன். தாளை வெட்ட விடமாட்டேன். மண்ணை உதிர்த்துவிட்டு, வீட்டில் வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் கத்தை கத்தையாகத் தொங்கவிட்டு, கழுத்து சருகாகும் வரை இருபது நாள் பொறுத்திருப்பேன். அடுத்த கார்த்திகை வரைக்கும் என் பூண்டு கல்லு மாதிரி இருக்கும். இதை நான் சொல்லாத ஆள் கிடையாது. அந்த ஓட்டு வீட்டுக்காரியிடமும் சொல்லியிருக்கிறேன், அவள் சொல்லிக்கொடுத்துத்தான் நானே கற்றுக்கொண்டேன் என்பதை வசதியாக மறந்துவிட்டு.

அவளிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். பிடுங்கியதும் விற்பதற்கு முன்னால் நல்ல பூண்டாகப் பொறுக்கி விதைக்கென்று எடுத்துவிடுவாள். தாளோடு பின்னி, விறகடுப்புக்கு மேலே கட்டிய மூங்கிலில் மாட்டிவிடுவாள். எட்டு மாதப் புகையில் அது கரிக்கட்டையாகத் தொங்கும். "இப்டி கரி புடிக்க வெச்சா எவன் தொடுவான்?" என்று கேட்பேன். சிரித்துவிட்டு, "அது தொடறதுக்கு இல்லீங்க டீச்சர்" என்பாள்.

அந்த விதையை ஒரே வீட்டில் வைக்கவும் மாட்டார்கள். அது அந்த ஊர் வழக்கம். பாதி தன் அடுப்புக்கு மேலே, பாதி இன்னொரு வீட்டு அடுப்புக்கு மேலே. வைத்திருக்கும் வீட்டார் சட்டி காலியானாலும் அதிலிருந்து ஒரு பல் கிள்ள மாட்டார்கள். கடைப்பூண்டை வாங்கி ஊன்றினால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "போட்டுப் பாத்தாச்சிங்க. தாளுதான் வருது, கிழங்கு வெக்கல. எங்க மண்ணுக்கு எங்களுதுதான்" என்றாள். ஊரில் பூண்டு போட்டதே மூன்று வீடுதான். அவளுடைய பாதி விதை எப்போதும் அவள் அண்ணன் வீட்டில் தொங்கும்.

ஒரு வருடம் அந்த அண்ணன் பூண்டே போடாமல் குடும்பத்தோடு கர்நாடகாவில் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டான். மூன்றாவது வீட்டார் பூண்டை விட்டுவிட்டு பீன்ஸுக்கு மாறி, இருந்த விதையையும் தின்று தீர்த்திருந்தார்கள். பங்குனியில் ஒரு சாயங்காலம் ஜீப்புக்கு நின்றுகொண்டிருந்த என்னிடம் அவள் ஒரு கத்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கொஞ்ச நாள் புகை வாங்கி, கரி ஏறத் தொடங்கியிருந்த கத்தை.

"அண்ணன் வூட்ல அடுப்பு எரியல டீச்சர். நீங்கதான் பூண்ட நல்லா வெச்சிக்கிறேன்னு சொல்லுவீங்களே. இத உங்க வூட்ல மாட்டி வெய்ங்க. ஐப்பசி பொறந்ததும் குடுத்தா போதும்."

"அவ்ளோதானே, குடு" என்றேன்.

"தொடைக்காதீங்க, தாள வெட்டாதீங்க. அப்டியே மாட்டிடுங்க."

எனக்கே பூண்டு வைக்கச் சொல்லிக்கொடுக்கிறாளா என்று சுருக்கென்றது. ஆனாலும் உள்ளுக்குள் பெருமைதான். பள்ளியில் அத்தனை வாத்தியார்கள் இருக்க, விதையை நம்பி என்னிடம்தானே கொடுத்தாள்?

வீட்டில் மாட்டியதும் என் கணவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னா இது, சூளையில இருந்து எடுத்தாந்தா மாதிரி கீது?" என்றார். அவர் மெடிக்கல் கடை வைத்திருக்கிறார். மாத்திரை அட்டையைத் தவிர எதைப் பற்றியும் தெரியாது. அவருக்குப் பதில் சொல்வதை நான் விட்டு வெகுகாலம் ஆகிறது. ஆனால் அந்தக் கரி என் வெள்ளை டைல்ஸில் உதிர்ந்தது. காலையில் துடைத்தால் சாயங்காலம் மறுபடி புள்ளி புள்ளியாகக் கிடக்கும். ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கோடை விடுமுறையில் ஆசிரியர் கூட்டம் மொத்தமும் என் வீட்டுக்கு விருந்துக்கு வந்தது. முதல் நாள் சமையலறையைப் பார்த்தேன். ஆங்கில ஆசிரியையின் மூக்கு எப்படிச் சுளியும் என்று எனக்குத் தெரியும். கத்தையை இறக்கினேன். ஈரத்துணியால் ஒவ்வொரு பூண்டாகத் துடைத்தேன். கரி போகவில்லை, மேல்தோலை உரித்தேன். இன்னொரு தோலையும் உரித்தேன். உள்ளே இருந்து அந்தச் செம்மை வந்தபோது எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? தாளைக் கத்தரித்துவிட்டுப் பிரப்பங்கூடையில் அடுக்கி ஃபிரிட்ஜின் தலைமேல் வைத்தேன். போட்டோ எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கீழே 'பூண்டைச் சேமிப்பது எப்படி' என்று ஏழு குறிப்பு. அதில் மூன்றாவது, மேல்தோலை உரிக்காதீர்கள் என்பது. உரித்த பூண்டின் படத்துக்குக் கீழே அதை எழுதினேன். ஏழு பேரும் கைதட்டும் படம் போட்டார்கள், ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. எனக்கும்தான்.

விருந்து முடிந்தது. கூடை அங்கேயே இருந்தது. பார்க்க நன்றாக இருந்ததால் யாரும் எடுக்கவில்லை. ஜூனில் பள்ளி திறந்ததும் அவள் கேட்டாள், "மாட்டி வெச்சிக்கிறீங்களா டீச்சர்?" நான் நடந்துகொண்டே, "ம், வெச்சிருக்கேன்" என்றேன்.

புரட்டாசியில் மழை ஊற்றித் தள்ளியது. காலாண்டு விடுமுறையில் வீட்டில் இருந்தேன். அவளிடமிருந்து போன் வந்தது. அவள் எனக்குப் போன் செய்ததே அதுதான் முதல் தடவை.

"டீச்சர், காத்துல ஓடு சரிஞ்சி அடுப்பு மேலயே ஒழுவிடுச்சி. நாங்க அண்ணனப் பாக்கப் போய்ட்டோம், பத்து நாள் கழிச்சி இப்பதான் வர்றோம். வெதை மொத்தமும் மொளப்பு வந்து அழுவிப் போச்சு." அழுகிறாளோ என்று நினைத்தேன். ஆனால் அவள் சிரித்தாள். "பரவால்ல, உங்ககிட்ட கீதில்ல. அதுக்குத்தானே ரெண்டு வூட்ல வெக்கறது."

போனை வைத்துவிட்டு நாற்காலியைப் போட்டு ஏறிக் கூடையை எடுத்தேன். தூக்கும்போதே தெரிந்துவிட்டது. கூடையின் கனம்தான் இருந்தது, பூண்டின் கனம் இல்லை. ஒன்றை அமுக்கினேன். பொடிந்தது. உள்ளே பல் எல்லாம் பழுப்பாகச் சுருங்கிக் கறுப்புப் பொடி பூத்திருந்தது. ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தேன். ஃபிரிட்ஜின் சூட்டில், தோல் இல்லாமல், துடைத்த ஈரத்தோடு நாலு மாதம் இருந்தால் வேறு என்ன ஆகும்? என் ஏழு குறிப்பையே திருப்பிப் படித்திருந்தால் போதும். உருப்படியாக ஒரு பல் தேறவில்லை.

"போய்டுச்சும்மா, நான் தொடச்சிட்டேன்." இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த வாய்க்கு அது வரவில்லை. மண்டிக்குப் போனேன். வடக்கிலிருந்து வந்த மூட்டைகளைக் கிளறி, சிறியதாகவும் கொஞ்சம் சிவந்ததாகவும் பார்த்துப் பொறுக்கினேன். கடைக்காரர், "பெருசா எடுங்க மேடம், இது உரிக்க முடியாது" என்றார். வீட்டுக்கு வந்து பின்கட்டில் பழைய இரும்புச் சட்டியில் தேங்காய் மட்டையைக் கொளுத்தி, மேலே சல்லடையில் அந்தப் பூண்டைப் பரப்பிப் புகை காட்டினேன். கறுக்கவில்லை. சட்டியின் அடிக்கரியைச் சுரண்டிக் கையாலேயே தேய்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். கொசுவுக்கு என்றேன்.

என் கணவர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லிட்டா இன்னா? தின்னுடவா போறா?" என்றார்.

"நீங்க உங்க கடையப் பாருங்க" என்றேன்.

ஐப்பசி முதல் சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். பின்னால் நாலு பாத்தியும் தயாராக இருந்தன. சாணி எரு போட்டுக் கொத்தி, கட்டி உடைத்து, குச்சியால் கோடு இழுத்து வைத்திருந்தாள். தண்ணீர் போக வாய்க்கால்கூட வெட்டியாகிவிட்டது. ஊன்ற வேண்டியதுதான் பாக்கி. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பையை வாங்கினாள்.

"தாளு ஒடஞ்சி போச்சு, அதான் வெட்டிட்டேன்" என்று அவள் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னேன்.

ஒன்றை எடுத்துக் கட்டை விரலால் தடவினாள். கரி அப்படியே விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அடுப்புப் புகையில் ஏறிய கரி அப்படி வராது. முகர்ந்து பார்த்தாள். உடைத்து, உள்ளங்கையில் பல்லைப் பரப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்னுது இன்னா ஆச்சு டீச்சர்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் அதட்டிக்கூடக் கேட்கவில்லை. "உன்னுதுதான் இது" என்றேன்.

அவள் பாத்திப் பக்கம் ஒருமுறை திரும்பினாள். "சரிங்க. ஒக்காருங்க, சாப்ட்டுட்டு போங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பை மூட்டினாள். என் எதிரில் உட்கார்ந்து அந்தப் பூண்டை உரிக்க ஆரம்பித்தாள். இரண்டு பல் நாலு பல் இல்லை, பை காலியாகும் வரைக்கும் உரித்தாள். புளி கரைத்து ஊற்றி அத்தனையையும் குழம்பு வைத்தாள். சாமைச் சோற்றில் நிறைய ஊற்றி என் முன்னால் வைத்தாள். அடுப்புக்கு மேலே மூங்கில் வெறுமனே இருந்தது.

"இது கொழம்புக்கு ஆவும் டீச்சர்" என்றாள். "சாப்டுங்க."

சாப்பிட்டேன். எல்லாவற்றையும் சாப்பிட்டேன். அவள் மறுசோறும் போட்டாள். அதற்கப்புறம் அவள் என்னிடம் பூண்டைப் பற்றிப் பேசவே இல்லை. ஜீப்பிலிருந்து இறங்கிப் போகும்போது எப்போதும்போல், "வாங்க டீச்சர்" என்பாள். கோடு இழுத்த அந்த நாலு பாத்தியிலும் ஒரு மாதம் கழித்துக் கொள்ளு முளைத்திருந்தது.

மாசி வந்தது. வாட்ஸ்அப் குழுவில் ஆங்கில ஆசிரியை கேட்டாள், மலைப்பூண்டு வந்துவிட்டதா என்று. இந்த வருடம் அங்கே யாரும் போடவில்லை, விதை கெட்டுப் போய்விட்டதாம் என்று எழுதினேன். அறிவியல் ஆசிரியர் உடனே எழுதினார்: 'விதையைக்கூடக் காப்பாற்றத் தெரியாத ஜனங்க. நம்ம டீச்சர் எவ்வளவு சொல்லிக்கொடுத்திருப்பாங்க!' கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள்.

கழுவிய பூண்டைப் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்ட மனுஷன். அவரை நினைத்தால் வழக்கமாக எனக்கு வருகிற எரிச்சல் அன்று வரவில்லை. அவர் பாழாக்கியது அவர் காசு கொடுத்து வாங்கிய பூண்டைத்தான். ஏழு பேரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். 'இல்லை, அது நான்தான்' என்று அடிக்கத் தொடங்கினேன். மூன்று எழுத்து அடித்தேன், அழித்தேன். பிறகு கட்டை விரலை உயர்த்திக் காட்டும் படத்தைப் போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.